கோவிந்தப்பாவின் ஹாஜரி

பல்கலைக்கழக வளாகத்து மாட்டுக் கொட்டகையைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள். கல்தூணும் மங்களூர் ஓடுமாக அறுபது மாடு நின்ற இடம். பக்கத்தில் ஹாஸ்டல் வந்தது. நாற்றம் என்று பிள்ளைகள் மனு எழுதினார்கள். மாடு குறைந்து குறைந்து ஒன்பதாயிற்று. அந்த ஒன்பதும் ஊருக்கு வெளியே புதுப் பண்ணைக்குப் போகின்றன. கூடப் போகிற ஆட்களின் பட்டியலில் முதல் பெயர் கோவிந்தப்பா.

கோவிந்தப்பா, கொட்டகையில் வேலை பார்க்கும் பாஞ்சாலியின் புருஷன். செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

அவன் காமாலையில் படுத்தபோது அவனுக்குப் பதிலாகப் பால் கறக்க வந்தவள், ஹாஜரிப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். அவன் போன பிறகு மேஸ்திரி சொன்னார்: "பேர மாத்தினா புது ஆளாயிடுவே. சர்வீஸ் கட்டாயிடும். அப்படியே போட்டுக்கிட்டு இரு." அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மடி கழுவியது அவள் கை, சாணி வாரியது அவள் கை. யாரை ஏமாற்றினாள்?

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து நாகேஷ் வந்தான். "கோவிந்தப்பா எங்கம்மா? புதுப் பண்ணை ஹாஜரிக்கு மெஷின்ல விரல் வைக்கணும்."

"நான்தான் சார்."

"தமாஷ் பண்றியா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பேன் என்றும் சொன்னாள். நாகேஷ் பேனாவை மூடினான். "நீ இங்க வேலை பார்த்ததா உன் பேர்ல ஒரு காகிதம் காட்டு. ஒண்ணே ஒண்ணு போதும்."

ஒன்று இருந்தது. டாக்டர் வராத ஒரு மழை நாளில், பின்னங்கால் முதலில் வந்த கன்றை அவள் தனியாக இழுத்துக் காப்பாற்றினாள். மறுநாள் வந்த டாக்டர் கன்றுக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார். ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தாள்.

'பாஞ்சாலி. கிடாரி. நெற்றி வெள்ளை.'

"இது மாடும்மா," என்றான் நாகேஷ். சிரிப்பை அடக்கிக்கொண்டான். "மாட்டுக்கு சர்வீஸ் இருக்கு, உனக்கு இல்ல. நான் என்ன செய்ய? திங்கட்கிழமை கோவிந்தப்பா வரலேன்னா பேரை அடிச்சிடுவேன். மேல சொல்லாம விடறேன், அதுவே பெரிசு."

திங்கட்கிழமை எட்டு மாடு லாரியில் ஏறின. வெள்ளை நெற்றிக்காரி மட்டும் பலகையில் கால் வைக்கவில்லை. வாலை முறுக்கினார்கள், படுத்துக்கொண்டது.

"ஏம்மா, கொஞ்சம் ஏத்தி விடேன்," என்றான் நாகேஷ்.

பாஞ்சாலி கயிற்றைப் பிடித்து முன்னால் ஏறினாள். மாடு எழுந்து பின்னாலேயே ஏறியது.

"சரி, நீ இறங்கும்மா."

அவள் கயிற்றை விடவில்லை.

"இறங்கும்மா," என்று இரண்டாம் முறை சொன்னபோது, நாகேஷ் அவளைப் பார்க்காமல் பட்டியலில் இன்னும் அடிக்காத முதல் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.