கொதிக்கும் பற்றறியும் மீன் பெட்டியும்

அப்பா குச்சவெளிக் கரையில் விடியமுன் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் ஐஸ் போட்டு, நிலாவெளி வழியாகத் திருகோணமலை வரை விற்றுக்கொண்டு போவார். வாய் திறந்து கூவமாட்டார். ஹோர்ன் மட்டும்தான்: இரண்டு குட்டை, ஒரு நீளம். அதைக் கேட்டால் பெண்கள் சட்டியோடு வாசல் படலைக்கு வந்துவிடுவார்கள்.

போன வருசம் ஒரே மாதத்தில் மூன்று ஹெட்லைட் பல்ப் எரிந்துபோயின. பற்றறி தொட ஏலாதபடி கொதித்து வீங்கியது. புதிதாகப் போட்ட பற்றறிக்கும் அதே கதி. ஹோர்ன் வேறு குரல் மாறிக் கீச்சிட்டது. வேறு யாரோ என்று நினைத்துப் பலர் வெளியே வரவில்லை.

"இண்டைக்குச் சரிவரேல்லையெண்டால் இதைக் குடுத்துப்போட்டுப் பழைய சைக்கிளிலை போறன்" என்றார் அப்பா ஒரு ஞாயிறு காலை. மிதித்துப் போனால் அவருடைய முழங்கால் நிலாவெளி வரைகூடத் தாங்காது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் மீற்றரை எடுத்தேன். எஞ்சினை முறுக்கினால் பற்றறியில் பதினேழு வோல்ற். பதினாலரையைத் தாண்டக்கூடாது.

"ரெகுலேற்றர் பழுது" என்று தீர்ப்புச் சொல்லி, பற்றறிக்குப் போகும் மின்னை மட்டுப்படுத்தும் அந்தச் சாமானைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மறுபடியும் பதினேழு.

கழற்றி வைத்த மீன் பெட்டியைக் கவிழ்த்து அதில் குந்தியிருந்த சித்தப்பா, "படிச்ச பிள்ளையும் பற்றறி மாதிரி வீங்கிப்போய் நிக்குது" என்றார்.

"நீ சும்மா இரு. அவள் யோசிக்கட்டும்" என்றார் அப்பா.

சைக்கிளில் மீன் பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தேன். அதன் மூலையிலிருந்து உப்புத் தண்ணீர் வடிந்த தடம், ரெகுலேற்றரைப் பூட்டியிருந்த போல்ற்றிலேயே போய் முடிந்தது. மீற்றரின் ஒரு முனையை ரெகுலேற்றரின் உடம்பிலும் மற்றதைப் பற்றறியின் மைனஸிலும் வைத்தேன். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேண்டியது, இரண்டரை வோல்ற் காட்டியது. எர்த், அதாவது பற்றறியின் மைனஸோடு இருக்கவேண்டிய தொடுப்பு, சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் பற்றறி வயிறு முட்டியிருந்தும், ரெகுலேற்றர் அதற்கு இன்னும் பசியென்று நம்பி ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

போல்ற்றைக் கழற்றினால் உள்ளே முழுக்கத் துரு. அரத்தாள் போட்டுத் தேய்த்து, பற்றறி மைனஸுக்கு நேரே புது எர்த் வயர் இழுத்து, கிறீஸ் பூசினேன். பிறகு பழைய ரெகுலேற்றரையே திரும்ப மாட்டிப் பார்த்தேன். பதினாலு புள்ளி மூன்று.

"அப்ப பழசிலை பிழை இல்லையோ?" என்றார் சித்தப்பா.

"இல்லை. பிழை என்னிலைதான். முதலே எர்த்தைப் பாத்திருக்கவேணும்."

அப்பா ஹோர்னை அழுத்தினார். இரண்டு குட்டை, ஒரு நீளம். பழைய குரல்.

பக்கத்து வீட்டு மாமி சட்டியோடு படலையில் வந்து நின்றார். "ஞாயிற்றுக்கிழமையும் மீனோ? என்ன மீன்?"

"மீன் இல்லை அக்கா," என்றார் அப்பா, இன்னொரு தரம் அழுத்திக்கொண்டே. "மகள் திருத்தினவள். அதைத்தான் ஊருக்குச் சொல்லுறன்."