தண்ணீருக்கு ஒரு சீட்டு

யுத்தம் முடிந்த வருஷம், ஆடிக் கடைசியில் ரம்ஜான் நோன்பு மாதம் பிறந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் கைலிக்கடைக்காரர் ஒருவர் தல்லாகுளத்தில் என் டிஸ்பென்சரிக்கு வந்தார். முப்பது வயசு இருக்கும். தினம் ஒரு குடம் தண்ணீர் குடிப்பதாகவும், குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போவதாகவும், தலைவலி மண்டையைப் பிளப்பதாகவும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் என் கூஜாவையும் காலி செய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“பள்ளிவாசல் ஹஜரத்கிட்ட கேட்டேன். சீக்காளி நோன்பு பிடிக்க வேண்டாம், டாக்டர் சொன்னாப் போதும்னாரு. ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர்.”

சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சினேன். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும். நீலம் நீலமாகவே இருந்தது. அந்தக் குழாயை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, “ஒரு சீக்கும் இல்ல. நோன்புக்குப் பயந்து சீக்குத் தேடுறீரு” என்றேன். காத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள். என் கெட்டிக்காரத்தனம் எனக்கே பிடித்திருந்தது. போகும்போது அவர் இடது தோள் கதவு நிலையில் இடித்தது, வலது தோள் படியேறி வந்த ஒரு பெண்ணின் கூடையில் இடித்தது. “கண்ணத் தெறந்து நடய்யா” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாம் நோன்பன்று அவருடைய அண்ணன் அவரை ஜட்காவில் கிடத்திக் கொண்டுவந்தார். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது.

“தண்ணியக் குடுத்தா தள்ளி விடுறான். டாக்டரே சீக்கு இல்லேன்னுட்டாரு, நான் எப்படிக் குடிப்பேன்ங்கறான்.”

உப்புநீர் ஏற்றிவிட்டு, ஊரில் என்னைவிடப் பெரிய டாக்டர் ஒருவருக்கு ஆளனுப்பினேன். அவர் வந்தபோது நோயாளி உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தார். “என் மூக்கையே பாருங்க” என்று சொல்லி, பெரியவர் இரண்டு பக்கத்திலிருந்தும் விரலை ஆட்டிக்கொண்டே வந்தார். விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு முன்னால் வரும்வரை நோயாளிக்குத் தெரியவில்லை. பிறகு பெரியவர் அவருடைய சட்டைக் கழுத்தை விலக்கினார். க்ஷயக் கட்டி உடைந்து ஆறிய பழைய கண்டமாலைத் தழும்பு இருந்தது. நான் சட்டையைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை.

“மூளைக்கு அடியில கொண்டைக்கடலை அளவு பிட்யூட்டரி சுரப்பி இருக்கே, க்ஷயம் அங்க போய் உட்கார்ந்திருக்கு. வீங்கிக் கண் நரம்ப நெருக்குது. உடம்புல தண்ணிய நிறுத்தி வைக்கிற சாறும் நின்னு போச்சு. நான் படிச்சதோட சரி, பார்த்ததில்ல” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “பிரசவ ஊசி வச்சிருக்கீரா?” என்றார்.

வைத்திருந்தேன். மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த சாறு அது. பிள்ளை பெற்றபின் ரத்தம் நிற்காத பெண்களுக்குப் போடுவது. முதல் நாள் கைலிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், அலமாரியில் இரண்டு டஜன் குப்பிகள் இருந்தன. ஒன்றைப் போட்டோம். அன்று சாயங்காலம் வரை அவர் ஒரே ஒரு தம்ளர் தண்ணீர்தான் கேட்டார். அண்ணன் அழுதுவிட்டார்.

“இந்த மருந்து எங்கேருந்து டாக்டர்?”

“மெட்ராஸிலேருந்து வரவழைச்சேன்” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஊசியைத் தினமும் போட்டோம். தாகம் அடங்கியது. க்ஷயத்துக்கு எங்களிடம் மருந்து இல்லை. பத்தாவது நாள் கழுத்து விறைத்தது. முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீரை வைத்திருந்தபோது சிலந்தி வலை போல ஒரு படலம் கட்டியது. மூளைச் சவ்வுக்குப் பரவிவிட்டது என்று அர்த்தம். நினைவு தப்புவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றுதான்.

“இப்பவாச்சும் எழுதித் தருவீங்களா டாக்டர்?”

எழுதிக் கொடுத்தேன். கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார். படிக்க முடியாமல் அண்ணனிடம் நீட்டினார். பெருநாளுக்கு முன்பே இறந்துபோனார்.

அந்தப் பெருநாளிலிருந்து வருஷம் தவறாமல் அண்ணன் தூக்குச்சட்டியில் பிரியாணி கொண்டுவருகிறார். “எந்தம்பி தாகமில்லாமப் போனான், மெட்ராஸிலேருந்து மருந்து எடுத்தீங்களே, அல்லா ஒங்கள நல்லா வைக்கணும்” என்கிறார். அவரை நான் உட்காரச் சொல்வது அதே நாற்காலியில்தான். அலமாரியும் அவருக்குப் பின்னாலேயே இருக்கிறது. நான் அயோக்கியன் என்று எனக்குத் தெரியும், இதுவரை அவரிடம் சொன்னதில்லை. அவர் படியிறங்கியதும், சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுகிறேன்.