கரண்டிக்கு இருபது பைசா

எதை எதால் வகுக்கிறோம் என்று தெரியாமல் கணக்குப் போடுகிறவனைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கவுன்டரில் புதிதாக நிற்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் மொரப்பூரில் ஒரு மளிகைக் கடையில் எனக்கு வேலை. ரயிலடியில் மூட்டை தூக்கும் சவரி எங்கள் வாடிக்கை. அவன் பெண்சாதி பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சலில் விழுந்து தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பையனுக்கு மூன்று மாதம். சவரியின் அக்காதான் பால் பவுடர் கரைத்துக் கொடுத்து வளர்த்தாள்.

முதலில் மஞ்சள் டப்பா வாங்கினான். அரைக் கிலோ இருபத்தெட்டு ரூபாய். பிறகு நீல டப்பாவுக்கு மாறினான். அதுவும் அரைக் கிலோதான், விலை முப்பது. மறுபடியும் நீலமே கேட்டு வந்தபோது, மூட்டை தூக்குகிறவனுக்கு விலை கூடின டப்பா ஒரு கேடா என்று மூஞ்சிக்கு நேரே கேட்டேன்.

அவனுக்கு ஒரே பெருமை. "டப்பா விலையப் பாக்காதீங்கண்ணா, கரண்டி விலையப் பாருங்க. மஞ்சள்ல நூறு கரண்டி வருது, நீலத்துல நூத்தம்பது. கரண்டிக்கு இருபது பைசாதான் ஆவுது."

எடை ஒன்றாக இருக்கும்போது கரண்டி மட்டும் எப்படிக் கூடும்? இரண்டு டப்பாவையும் உடைத்தேன். நீல டப்பாவுக்குள் கிடந்த கரண்டி சின்னது. ஏலக்காய் நிறுக்கிற தராசில், தட்டுக்கு ஒரு கரண்டி தலைதட்டிப் போட்டேன். மஞ்சள் பக்கம் இறங்கி நின்றது. நீலத்தில் மூன்று போட்டால்தான் மஞ்சளில் இரண்டுக்குச் சமம்.

"தண்ணி எவ்ளோடா ஊத்துறீங்க?"

"அதே டம்ளருங்க. அதே மூணு கரண்டி."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிள்ளைக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்திருக்கிறாய் என்றேன். அவன் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, "இளைச்சிட்டே போறான். ஆத்தா ஏக்கம்னு நெனச்சோம்ணா" என்றான்.

அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

திட்டும் வேலையை முதலாளி எடுத்துக்கொண்டார்; திட்டு வாங்கியது நான். "ஒடச்ச டப்பாவ இனி எவன் வாங்குவான்? ரெண்டையும் அவனுக்கே கட்டிக் குடு. ஒண்ணுக்குக் காசு வாங்கு."

எந்தக் கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்று டப்பாவில் இங்கிலீஷில் போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன். முதலில் பையனை டாக்டரிடம் காட்டு என்று விரட்டினேன்.

விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். கரண்டியும் பாக்கெட்டும் கம்பெனிக்காரன் இஷ்டத்துக்குச் செய்வது. கிராம் எல்லாக் கடையிலும் கிராம்தான். அப்படிப் பார்த்தால் மஞ்சள்தான் மலிவு. இன்னொன்று, வாங்குகிறவன் ஏன் வாங்குகிறான் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் சவரி கண் சிவந்து வந்தான்.

"பையன் ராத்திரியெல்லாம் ஒரே அழுவைங்கண்ணா. முன்னெல்லாம் அழக்கூடத் தெம்பில்லாம சத்தமே வராது. இப்ப தூங்க முடியலன்னு பக்கத்து வூட்டுக்காரங்க திட்டுறாங்க."

சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"திட்டட்டும்" என்றேன்.