விடும்போது வலித்த பல்

வறுத்த பட்டாணி ஒன்றுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. வலப்பக்கக் கீழ்க் கடைவாயில் சுளீரென்று ஒரு வெட்டு. அடுத்த வாய்க்கு ஒன்றுமே இல்லை. வீக்கமும் இல்லை, சொத்தையும் இல்லை. இப்படி வந்து வந்து மறைகிற பல்வலியால் அவதிப்படுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில், மீனுக்குப் போடும் ஐஸ் தயாரிக்கிற பேக்டரியில் பாளம் உடைப்பது என் வேலை. கூட வேலை செய்த காசி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, மூஞ்சி கோணிக்கினு கீது? புடுங்கிப் போட்டா பேஜாரு வுட்டுது" என்றான்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. என் மனைவி பிலோமினா விடவில்லை.

"அந்தப் பக்கம் ரெண்டு கடவாப்பல்லு புடுங்கியாச்சு. இதுவும் பூட்டா எதுலய்யா மெல்லுவே? பல்லு கீறவன் பகோடா துன்னுவான். உனுக்குக் கடைசி வரிக்கும் கஞ்சிதான், ஆமா!"

தெருமுனைப் பல் டாக்டர் எக்ஸ்ரே (எலும்பையும் பல்லையும் காட்டும் நிழற்படம்) எடுத்தார். படம் சுத்தமாக இருந்தது. "வலி பொறுக்கலேன்னா எடுத்துடலாம்" என்றார். பிலோமினா என்னைக் கையோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு சின்ன மரக்குச்சியைப் பல்லின் மேல் வைத்தார். "கடிங்க." கடித்தேன். "இப்ப விடுங்க." நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன்.

"கடிக்கிறப்பவா, விடுறப்பவா?"

"வுடும்போதுதாம்மா உயிரு போவுது!"

"அப்ப விரிசல்தான்" என்றார். கடித்தால் கீறலின் இரு பக்கமும் லேசாக விலகும். விட்டதும் சேரும். அந்த அசைவு உள்ளே இருக்கும் பற்கூழை (நரம்பும் ரத்தமும் உள்ள மென்பகுதி) சுண்டிவிடும். மயிரிழைக் கீறல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம்.

அப்புறம் என் பழக்கத்தைக் கேட்டார். பேக்டரியில் நாங்கள் கொதிக்கிற டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உடனே ஒரு ஐஸ் சில்லை நறநறவென்று கடிப்போம். சூட்டை ஐஸ் முறிக்கும் என்பது எங்கள் சாஸ்திரம்.

அவர் சிரித்தார். "எரியிற லாந்தர் கண்ணாடியில தண்ணி தெளிச்சா இன்னொரு கண்ணாடிதான் வாங்கணும். பல்லும் அப்படித்தான். அது போதாதுன்னு கடிக்க வேற செய்றீங்க!"

"புடுங்கணுமா டாக்டரம்மா?"

"கீறல் வேர் வரைக்கும் போயிருந்தா எடுத்துதான் ஆகணும். முதல்ல கட்டிப் பார்ப்போம். வலி நின்னா காப்பாத்திடலாம்."

பீப்பாய்க்குப் பட்டை அடிப்பதுபோல, பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய உலோக வளையம் மாட்டினார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அதுவரை ஒவ்வொரு வாயையும் பயந்து பயந்து மென்றேன். மறுபடி போனபோது அதே குச்சி. கடித்தேன். விட்டேன். ஒன்றுமில்லை. "தப்பிச்சிட்ட நைனா" என்று பிலோமினா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு பல்லைச் சுற்றிலும் ராவி, உலோக உறை போட்டார்கள்.

"எலும்பு மாதிரி இது ஒட்டாது. மேலும் பிளக்காம பிடிச்சு வச்சிருக்கோம்" என்று டாக்டரம்மா எச்சரித்தார்.

உங்களுக்கும் இந்த வலி இருந்தால், கடிக்கும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். பிடுங்கச் சொல்ல ஊரே வரும், அவசரப்படாதீர்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். நொறுங்க வேண்டியது சோறு, பல் அல்ல.

வேலைக்குத் திரும்பிய அன்று டீயில் ஏடு படியும்வரை காத்திருந்தேன். காசி பழக்கதோஷத்தில் ஒரு ஐஸ் சில்லை நீட்டினான். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். ஒரு பாளம் ஐஸ் உறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு சில்லு கரைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அது கரைந்து முடிந்தபோது டீ குடிக்கிற பதத்துக்கு வந்திருந்தது.