அக்கா வாசிக்காமல் விட்ட வரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் மலேசியாவின் கிள்ளானில் இருந்தபோது நடந்தது இது. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்குக் கிளார்க் வேலை. வயது இருபத்தாறு. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள் என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "தம்பியோட புத்தகமா?" என்று கேட்டார். "இல்ல ஆன்டி, என்னோடது" என்றேன். அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை.

எனக்குப் பிடித்தவன் சிறகு கட்டிக்கொண்டு பறக்கும் ஒரு முகமூடி வீரன். பெயரைச் சொன்னால் பழைய சண்டை மறுபடியும் தொடங்கிவிடும். அதனால் சிறகு வீரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் கதைகளைத் தமிழ்நாட்டில் மொழிபெயர்த்துக் கையடக்கப் புத்தகங்களாகப் போடுவார்கள். அவை கப்பலேறி இங்கே வந்து சேரும். பத்து வயதிலிருந்து கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். முகமூடி போட்டுவிட்டால் அவன் வாயே திறக்க மாட்டான். வாயாடி என்று எல்லாரிடமும் பேர் வாங்கிய எனக்கு ஏனோ அதுதான் அவனிடம் ரொம்பப் பிடிக்கும்.

அவனை வைத்து ஆங்கிலத்தில் ஒரு படம் எடுத்தார்கள். கோலாலம்பூரில் வெளியான முதல் வாரமே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொதித்துப்போனேன். அவனுடைய சாம்பல் நிற உடையைக் கறுப்பாக்கியிருந்தார்கள். பேசாதவன் படம் முழுக்கப் பேசினான். பரம எதிரியைக் காணவே காணோம். அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு காதலி முளைத்திருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதே மனசுக்குள் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இதழில் சினிமாவைப் பற்றி வாசகர்கள் கருத்து எழுத ஒரு பக்கம் இருந்தது. 'கிள்ளான் வாசகி' என்ற பெயரில் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டி அனுப்பினேன். அடுத்த வாரமே அது அச்சில் வந்தது. பிறகு ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பந்திங்கிலிருந்து ஒருவர் காதலியை மட்டும் மன்னிக்கவே முடியாது என்று எழுதினார். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு பெரியவர், நம் தமிழ்ப்படக் கதாநாயகர்கள் முகமூடி இல்லாமலேயே இருபது பேரை அடிக்கிறார்களே, இவனுக்கு ஏன் இத்தனை இயந்திரம் என்று கேட்டிருந்தார். அதைப் படித்து எங்கள் ஆபீஸே சிரித்தது.

படத்துக்காக வாதாடியவர் ஒரே ஒருவர்தான். 'பிரிக்பீல்ட்ஸ் ரசிகன்' என்று கையெழுத்திட்டிருந்தார். அவன் சிறகை விரிக்கும்போது தியேட்டரில் எழுந்த ஓசைக்காகவே படத்தை இரண்டு முறை பார்க்கலாம், உடையின் நிறம் மாறியதெல்லாம் ஒரு குறையா, அந்த நிறம் எந்தக் காலத்தில்தான் ஒரே மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதினேன். ஓசை கேட்க ஆசைப்படுகிறவருக்கு ரேடியோ போதுமே என்று ஆரம்பித்து, கடைசியில் இப்படி முடித்தேன்: 'நிறம் முக்கியமில்லை என்று கண் இல்லாதவர்தான் சொல்வார். பார்வை உள்ள எங்களுக்கு அது முக்கியம்.'

அச்சில் வந்தபோது ஆபீஸில் எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு தோழி அந்த வரியைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தாள். அதை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்தேன். அவருடைய பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. ரேடியோவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதியிருந்தார். காதலியைப் பற்றி எழுதியிருந்தார். என் கடைசி வரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆள் வாயடைத்துப்போய்விட்டார் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வழக்கமாகப் புத்தகம் வாங்கும் கடைக்குப் போனேன். புதிய இதழ் வந்திருந்தது. ஆனால் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம், அதையும் கடைக்கார அண்ணன் யாருக்கோ எடுத்து வைத்திருந்தார்.

"அது ஒருத்தர் சொல்லி வெச்சது தங்கச்சி. இப்ப வந்துருவாரு."

நான் விடவில்லை. கிள்ளானிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன் என்று கெஞ்சினேன்.

நான்தான் கிள்ளான் வாசகி என்று அவரிடம் முன்பே பெருமையடித்திருந்தேன். அவர் சிரித்தார். "அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன். பேப்பர்ல உங்களோட சண்ட போடுற ஆளுதான் லா!"

வரட்டும், நேரிலேயே ஒரு கை பார்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். கண்ணாடி போட்ட காலேஜ் மாணவன் ஒருவனை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். சற்று நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். அவருக்கு நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். சட்டைக் கையை அழகாக மடித்து விட்டிருந்தார், கையில் வெள்ளைக் கோல். பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களைப் பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. அதனால் அவர்களுக்கு வழிவிட்டு, தலையை எட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கார அண்ணன் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "வாங்க சார்! உங்க எதிரி வந்துருக்காங்க. கிள்ளான் வாசகி!"

வெள்ளைக் கோல் சட்டென்று நின்றது. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "நெசமாவா? எங்க, எங்க நிக்கிறாங்க?" என்று கையை நீட்டினார்.

அந்த வரி, ஆபீஸே கை தட்டிய அந்த வரி, எழுத்து எழுத்தாக என் கண் முன்னால் வந்தது. கடைக்குள் அத்தனை புத்தகங்களுக்கு நடுவில் ஓடி ஒளிய ஓர் இடம் இல்லையே என்றிருந்தது. எப்படியோ போய் அவர் கையைப் பிடித்தேன்.

"என்னம்மா எழுத்து! ரேடியோ போதும்னு எழுதுனீங்களே, நானும் இவளும் விழுந்து விழுந்து சிரிச்சோம்" என்றார்.

"அண்ணே, அந்தக் கடிதத்துல நான் கடைசியா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். நன்றாக வலித்தது. "அந்தக் கதையெல்லாம் பெறகு பேசலாம். புத்தகத்த முதல்ல வாங்குங்க" என்று கணவரைக் கடைக்காரர் பக்கம் திருப்பிவிட்டு, என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பேப்பர் வாசிச்சுக் காட்டுறது நான்தான். அவர் சொல்லச் சொல்லக் கடுதாசி எழுதுறதும் நான்தான்" என்றார் அந்த அக்கா. குரலில் கோபம் இல்லை. "அந்தக் கடைசி வரிய மட்டும் நான் வாசிக்கல. அவருக்கு அது தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

"மன்னிப்பாவது கேட்டுக்கறேன்க்கா."

"கேட்டா உங்க மனசு லேசாயிடும். அவர் மனசு?"

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். வாயாடிக்கு அதுவே பெரிய சத்தியம்.

அவர் ஒரு வங்கியில் டெலிபோன் ஆப்பரேட்டர் என்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது. அதுவரை சிறகு வீரன் கதைகளைக் கண்ணால் படித்தவர். பிறகு தங்கைகள் வாசித்துக் காட்டினார்கள், கல்யாணத்துக்குப் பிறகு அக்கா.

நாங்கள் உள்ளே திரும்பியதும் அவர் விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்கினார். "ஆனா ஒண்ணு கேக்கணும்மா. சாம்பல், சாம்பல்னு எழுதுறீங்களே, நம்ம புத்தகம் உள்ளுக்குள்ள கறுப்பு வெள்ளதானே? அட்டையில மட்டும்தானே கலரு? எனக்கு ஞாபகம் இருக்கு. ஒண்ணு நீலம், ஒண்ணு பச்ச. சாம்பலும் ஒண்ணு இருந்துச்சு."

அன்று மாலை வீட்டுக்குப் போய் அலமாரியைக் கொட்டிப் பார்த்தேன். நீலம், பச்சை, ஓர் இதழில் அரக்குக்கூட இருந்தது. எனக்கு முதன்முதலில் கிடைத்த புத்தகத்தின் அட்டைதான் சாம்பல். அதையே பதினாறு வருடமாக மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பார்வை போய் எத்தனையோ வருடமானவருக்குத் தெரிந்தது, தினமும் அந்த அலமாரியைத் திறந்து பார்த்த எனக்குத் தெரியவில்லை.

கடையை விட்டுக் கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தார். அந்தப் படம் இன்னும் ஒரு தியேட்டரில் ஓடுகிறது, அடுத்த சனிக்கிழமை மதியக் காட்சிக்கு வந்து படத்தைச் சொல்ல முடியுமா? "இவ சொல்றது எப்படித் தெரியுமா? 'சண்ட போடுறாங்க. சண்ட முடிஞ்சிருச்சு.' அவ்வளவுதான்! பாதிப் படத்துல தூங்கிருவா." அக்கா மறுக்கவில்லை. "எனக்கு அந்தச் சத்தத்துல நல்லாத் தூக்கம் வருது, நான் என்ன செய்ய?" என்றார். எனக்கு வாரம் முழுக்க உழைத்த களைப்பு, பிடிக்காத படம், இரண்டு பஸ் பயணம். ஆனாலும் யோசிக்கவே இல்லை, வருகிறேன் என்றேன்.

சொன்னபடி போனேன். அவர் நடுவில், இரண்டு பக்கமும் நாங்கள். படம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் அக்கா கச்சான் கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்தபடி தூங்கிவிட்டார். நான் காதோரம் கிசுகிசுக்கத் தொடங்கினேன். முதலில் எனக்கும் சரியாக வரவில்லை. "சண்டை நடக்குது" என்றேன். "யாரு அடிக்கிறா? எங்க நிக்கிறாங்க? மழ பெய்யுதா? என்னமோ சொட்டுற சத்தம் கேக்குதே?" என்று அவர் கேட்டார். பார்த்தேன். மழைதான். முதல் தடவை பார்த்தபோது அந்தக் காட்சியில் மழை பெய்ததே எனக்குத் தெரியாது. தப்புகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு மழை எங்கே தெரியும்?

பின் வரிசையிலிருந்த ஒரு சீனப் பெரியவர் இரண்டு முறை உச்சுக்கொட்டினார். மூன்றாம் முறை "டியாம் லா!" என்று மலாயில் அதட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் பக்கத்திலிருந்த அண்ணன் பின்னால் திரும்பி, "மாஃப் அங்கிள், சாயா புத்தா" என்றார். மன்னிக்கணும் அங்கிள், எனக்குக் கண் தெரியாது. அவ்வளவுதான். பிறகு துரத்தல் காட்சியில் திரையில் எல்லாமே ஒரே நேரத்தில் நடந்தபோது எனக்குச் சொல்ல வார்த்தை தடுமாறியது. அப்போது எங்கள் இருவர் தலைக்கும் நடுவில் அந்தப் பெரியவரின் முகம் வந்தது. "லோரி சுடா தெர்பாலிக்!" என்று அவசரமாகச் சொன்னார். லோரி கவிழ்ந்துவிட்டதாம். அண்ணன் "தெரிமா காசே அங்கிள்" என்று நன்றி சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு படத்தை இரண்டு பேராகச் சொன்னோம்.

வீரன் முகமூடியைக் கழற்றும் காட்சி வந்தது. அந்த நடிகருக்கு மரக்கட்டை முகம் என்று எழுதியிருந்தேன். இப்போது முகத்தில் என்ன தெரிகிறது என்று அண்ணன் கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கீழே அவன் கையைப் பார்த்தேன். "கை நடுங்குது அண்ணே" என்றேன். "கையுறையக் கழட்ட முடியல அவனால. மூணு தடவ இழுக்கிறான்." அவர் தன் விரல்களை மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் வீரன் கூரையிலிருந்து குதித்தபோது அவர் என் கையைத் தட்டினார். சொல்ல வேண்டாம் என்று அர்த்தம். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். சிறகு விரியும் ஓசை தியேட்டரின் இடது மூலையில் எழுந்து, எங்கள் தலைக்கு மேலே கடந்து, பின்னால் எங்கேயோ போய்த் தேய்ந்தது. ஏன் இரண்டு முறை பார்க்கலாம் என்று எழுதினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கண்ணைத் திறந்தபோது அக்கா விழித்திருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் வாய் சற்றுத் திறந்திருந்த தன் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் அந்தப் படம் எனக்கு முழுசாகப் பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். காதலி இன்றுவரை தேவையில்லாதவள்தான். வெளியே வந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இதை அண்ணனிடம் சொன்னேன். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தோசை ஆறிப்போகும்வரை வாதாடினோம். "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க" என்று அக்கா என் தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டார்.

பிறகு சிறகு வீரனின் ஒவ்வொரு படத்துக்கும், மற்ற வீரர்களின் படங்களுக்கும் நாங்கள் மூவரும் சேர்ந்தே போனோம். எனக்குக் கல்யாணமாகித் தெலுக் பங்லிமா காராங் ஊருக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். வருடக்கணக்காக அண்ணன் காதோரம் உட்கார்ந்து படம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரி என் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும்.

இதை எழுத உட்காரும் முன் அக்காவுக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன். "எழுதும்மா" என்றார். "இத்தன வருஷம் பழகியாச்சு. இனிமே அவர் தாங்குவாரு, நீயும் தாங்குவ. அது அச்சுல வந்ததும் நானே வாசிச்சுக் காட்டுறேன். இந்தத் தடவ ஒரு வரிகூட விட மாட்டேன்."

அண்ணே, அக்கா இதை வாசித்துக்கொண்டிருப்பார். அந்த வரியை எழுதியது நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

படங்களைப் பற்றி இன்றும் எனக்குக் காரமான கருத்துகள் உண்டு, எழுதவும் செய்கிறேன். ஆனால் எழுதியதை யாரோ ஒருவர் தன் பிரியமானவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதை மட்டும் ஒருநாளும் மறப்பதில்லை.