அப்பா எடுத்த இன்டர்வியூ

ஒரு சனிக்கிழமை, பெற்று வளர்த்த மகளைப் பார்த்து எங்கள் அப்பா, "நிம்ம ஹெசரு ஏனு?" என்று கேட்டார். உங்கள் பெயர் என்ன என்று, கன்னடத்தில், அதுவும் மரியாதையாக! அந்தப் பெயரை வைத்ததே அவர்தான். வீட்டில் நாங்கள் தமிழைத் தவிர வேறு பேசியதில்லை. அக்காவும் எதிரே உட்கார்ந்து பெயரைச் சொன்னாள். சன்னலுக்கு வெளியே அவளுக்காகக் காத்திருந்த எனக்குத் தலை சுற்றியது. எனக்கு அப்போது எட்டு வயது.

பீன்யாவில் எங்கள் பள்ளியைச் சுற்றி எங்கு திரும்பினாலும் தொழிற்சாலைதான். பியூசி, அதாவது பிளஸ் டூ, முடிக்கிற பிள்ளைகள் அடுத்து என்ன என்று முழிக்கக் கூடாது என்று பள்ளியும் அக்கம்பக்கத்துக் கம்பெனிகளும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தன. கம்பெனி ஆட்கள் வந்து ஒத்திகை இன்டர்வியூ நடத்துவார்கள். நிஜ இன்டர்வியூ பரீட்சைக்குப் பிறகு. சூப்பர்வைசராக இருந்த அப்பாவை அவர் கம்பெனி அனுப்பிவைத்தது. மிஸ் போட்ட வரிசையில் அக்காவுக்கு வாய்த்தது அவர் மேசை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஓசூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா வாயே திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை, எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும்.

அப்பா கன்னடத்திலேயே ஏதேதோ கேட்டார். அக்கா டாண் டாண் என்று பதில் சொன்னாள். வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது மட்டும் அவள் தமிழுக்கு மாறினாள்.

"ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணம் வேணாம்னு எங்கப்பாகிட்ட சொல்வேன் சார்."

அப்பா பேனாவை மூடினார், மறுபடி திறந்தார்.

"இப்பவே சொல்றதுக்கென்ன?" அவரும் தமிழில்தான் கேட்டார்.

"பயம் சார்."

"ரொம்பக் கோவக்காரரா?"

"இல்ல சார். நல்லவருதான். ஆனா அவரு முன்னாடி நின்னா பேச்சே வராது."

அப்பா முன்னாலிருந்த தாளில் ஏதோ எழுதினார். பிறகு, "சரி, நீங்க போலாம்" என்றார். அக்கா "தேங்க் யூ சார்" சொல்லிவிட்டு வந்தாள். பாவமாக இருந்தது எனக்கு, அவளைப் பார்த்தா அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"அப்பாவுக்கு உன்னை மறந்துபோச்சா?" என்று வழியில் கேட்டேன்.

"அது சும்மாடி. நெஜ இன்டர்வியூவே இல்ல" என்றாள்.

சாயங்காலம் வந்த அப்பா காபி குடித்தார். அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடத்தில் நின்றபடி ஓசூருக்குப் போன் போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு வர வேணாம். பொண்ணு வேலைக்குப் போறா. ரெண்டு வருஷம் போகட்டும்."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அக்கா துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு விம்மினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அது சும்மா இன்டர்வியூ! அக்காவுக்கு வேலையே கிடைக்கலை!" என்று கத்தினேன்.

அப்பா போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். இவ்வளவு பெரிய பொய் சொல்லி அக்காவை அழவைத்துவிட்டாரே என்று அன்று ராத்திரி முழுக்க நான் அவரோடு பேசவில்லை.