சட்டைப் பையில் இரண்டு வாஷர்

அந்த அடுப்பு ரிப்பேர்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நுரைக்காரர் என்றால்தான் தெரியும். எந்த அடுப்பு வந்தாலும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று மூன்று தரம் பார்க்காமல் தரமாட்டார். ஒரு தடவை, கேஸ் கசிந்து வெடித்த அடுக்களைக்குள் அவரைக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். அன்றைக்கு வயிற்றுக்குள் புகுந்த பயம் இன்றும் அங்கேயே குடியிருக்கிறது.

அப்படிப்பட்டவரிடம், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனைவி வந்து, "நாங்க நாலு பேர் மலையேறப் போறோம். முதுகுப் பையில வெச்சுக்கிற மாதிரி எடை கம்மியா ஒரு அடுப்பு பாருங்க" என்றால் மனிதர் என்ன ஆவார்? ஈரக்குலை நடுங்கிப்போனார்.

ஒரு வாரம் தேடினார். பெட்ரோல் அடுப்பு பற்ற வைத்ததும் புருவம் வரை தீ எழும்பியது, வேண்டாம். ஸ்பிரிட் அடுப்பு ரொம்ப லேசு, ஆனால் பகலில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்ததென்று நினைத்து மேலே ஊற்றினால் தீர்ந்தது கதை. கடைசியில், கேஸ் டப்பாவின் தலையில் திருகுகிற எண்பது கிராம் அடுப்பு ஒன்று தேறியது.

"இப்படிப் பயந்தா வெந்நிகூட வைக்க முடியாதுங்க" என்று மனைவி சிரித்தாள்.

கேஸ் கசியாமலிருக்கக் கம்பெனிக்காரன் போட்ட ரப்பர் வாஷரை அவர் எந்த அடுப்பிலும் நம்பியதில்லை. கிளம்பும் காலையில் அதைக் கழற்றித் தன்னுடையதைப் போட உட்கார்ந்தார். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அவசரத்தில் அடுப்பை மடித்து, நடுங்கும் கையால் அவளிடம் கொடுத்தார். அவளும் வண்டி வரை போய், தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகச் சொல்லி ஒரு தரம் உள்ளே ஓடிவந்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் கடையில் பேனாவுக்காகச் சட்டைப் பையில் கையை விட்டார். இரண்டு வாஷர் வந்தன. பழையது ஒன்று, புதியது ஒன்று.

அப்படியானால் அடுப்பில் எதுவுமே இல்லை.

அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பத்தொன்பது தரம் போன் போட்டார். அவள் போன் கிடைக்கவேயில்லை. கரிந்த அந்த அடுக்களைச் சுவர்தான் கண்ணுக்குள் நின்றது. நாலரை மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. போலீஸாகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டார். எடுக்கப் பயந்து, எடுக்காமலிருக்கவும் பயந்து, ஒருவழியாக எடுத்தார்.

"நாந்தாங்க. இது கூட வந்த டீச்சரோட போன். மேல வந்துட்டோம்."

"அடுப்பு… பத்த வெச்சியா?"

"திட்டாதீங்க, அதை நான் எடுத்துட்டே வரலை. மாவு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. உங்க கை நடுங்கினதைப் பார்த்து எனக்கே பயம் வந்துடுச்சு. ரொட்டியும் பழமும் போதும்னு வந்துட்டோம்."

"நல்லது பண்ணினே" என்றார்.

வீட்டுக்குப் போய் அடுப்பை எடுத்தார். மொட்டை மாடியில் வைத்து, அப்படியே கேஸ் டப்பாவில் திருகி நுரையைத் தடவினார். சுற்றிலும் குமிழி கொதித்து வழிந்தது. டப்பாவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

இத்தனை வருடத்தில் சோதிக்காமல் கொடுத்தது அந்த ஒன்றுதான். அவளிடம் அதைச் சொல்லப் பயமாக இருந்தது. சொல்லாவிட்டால், அடுத்த தடவை அவர் கொடுப்பதை நம்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாளே என்றும் பயமாக இருந்தது.